அலைக்கு அடியில் எட்டு மாதம், வாவியோரம் ஏழு நாள்

முதல் நாள்: உதயதேவி

எட்டு மாத ஒப்பந்தம் முடித்து நேற்றிரவு கட்டுநாயக்காவில் இறங்கினேன். இன்று காலை கொழும்புக் கோட்டையில் மட்டக்களப்புக்குப் போகும் உதயதேவி ரயிலில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் இருந்து இதை எழுதத் தொடங்குகிறேன். உல்லாசப் பயணக் கப்பலில் பயணிகளின் அறைகளைப் பராமரிப்பது என் வேலை. என் பொறுப்பில் 18 அறைகள். காலையில் ஒரு சுற்று, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு சுற்று. கப்பலில் பயணிகள் மூவாயிரம் பேர், வேலைசெய்வோர் ஆயிரத்து இருநூறு பேர். எட்டு மாதத்தில் எனக்கு முழுநாள் விடுமுறை ஒன்றுகூட இல்லை.

இந்த நாட்களை எழுதிவைக்க ஒரு காரணம் இருக்கிறது. என் சின்னம்மாவின் மகன், எங்கள் வீட்டில் வளர்ந்த தம்பி, கப்பல் வேலைக்குப் புறப்பட ஆயத்தமாகிறான். தொலைபேசியில் அவன் கேட்பதெல்லாம் சம்பளம், நாடுகள், குளிருக்கு என்ன உடுப்பு என்பவைதான். அவன் கேட்காத ஒன்றை நான் அவனுக்குச் சொல்ல வேண்டும். அத்தனை பேருக்கு நடுவே ஒருவன் தனக்கென்று சிறிது அமைதியை எங்கே, எந்த நேரத்தில் எடுத்துக்கொள்வது? முதல் ஒப்பந்தத்தில் அது தெரியாமல் ஐந்து மாதம் தவித்தேன். சாப்பிடும்போதும் பேச்சு, படுக்கும்போதும் பேச்சு, குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருவன் காத்திருப்பான். வேலையில் உடம்பு களைத்தது உண்மை. ஆனால் நாள் முழுவதும் முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்த களைப்பு அதைவிடப் பெரிது.

கல்லோயாச் சந்தியை நெருங்கும்போது கண் அயர்ந்துவிட்டேன். ரயில் ஊதியதும் திடுக்கிட்டு எழுந்து எண்ணத் தொடங்கினேன். கப்பலில் ஏழு குட்டை ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால், யாராக இருந்தாலும் கையிலுள்ளதை விட்டுவிட்டு அவரவருக்குரிய ஒன்றுகூடும் இடத்துக்குப் போய்விட வேண்டும். எட்டு மாதப் பயிற்சி காதில் ஏறிக் கிடக்கிறது. இரண்டு ஊதலோடு நின்றது. எதிரே இருந்த அம்மா, "தண்டவாளத்தில் யானை நிற்கிறது போல, நீங்கள் படுங்கள் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லில் நெஞ்சு இறங்கியது.

மன்னம்பிட்டியில் மகாவலி. பிறகு வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை. ஏறாவூர் தாண்டியதும் காற்றில் சேறும் உப்பும் கலந்த மணம். வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: கல்லடி

இரவு உறக்கம் வரவில்லை. வெளியே தென்னோலை உரசும் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

கப்பலில் என் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவுதான். இயந்திரத்தின் அதிர்வு சுவர் வழியாகவும் மெத்தை வழியாகவும் எந்நேரமும் வந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தை அணுகும் விடியற்காலைகளில், கப்பலின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் இயங்கத் தொடங்கும். தலையணைக்குக் கீழே யாரோ கல் அரைப்பது போலிருக்கும். அந்த அதிர்வு திடீரென்று நின்றால் ஏதோ பிழை என்று உடம்பு பழகியிருக்கிறது. அதனால் நேற்றிரவு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன். கடைசியில் அம்மா வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். அதன் இரைச்சலில் உறங்கினேன்.

காலையில் பிட்டும் கட்டித் தயிரும். தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே அம்மா கேட்டார்: "நீ பேசும்போதெல்லாம் ஒரே சத்தமாக இருக்கிறதே மகன். எங்கே நின்று பேசுகிறாய்?"

பயணிகள் பார்க்காத அடித்தளத்தில், கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நீண்ட நடைக்கூடம் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரால் அதை ஐ 95 என்று அழைப்போம். அழுக்குத் துணி வண்டி, மரக்கறிப் பெட்டி, இசைக்குழுவின் கருவி, ஓடும் சமையற்காரர் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எனக்குத் தொலைபேசி இணைப்பு நன்றாகக் கிடைக்கும் இடமும் அதில் ஒரு மூலைதான். அம்மாவுக்கு எட்டு மாதமாகக் கேட்டது அந்தத் தெருவின் இரைச்சல்.

"அமைதியான இடமே இல்லையா?" என்றார்.

"இருக்கிறது அம்மா. அங்கே போன் வேலை செய்யாது" என்றேன்.

தம்பி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு முதல் பாடமாகப் படுக்கைத் திரையைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு துணித் திரை உண்டு. என் முதல் அறைத்தோழர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், வயதில் மூத்தவர். முதல் நாளே திரையைத் தொட்டுக் காட்டி, "இது என் வீட்டுக் கதவு" என்றார். திரை மூடியிருந்தால் பேசக்கூடாது. விளக்கைப் போடக்கூடாது. நேரம் கேட்கக்கூடாது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் நல்ல மனிதர் எல்லோரும் அதை மதிக்கிறார்கள். நீயும் மதிக்க வேண்டும் என்றேன். அவன் தலையாட்டினான். உள்ளே போயிற்றா தெரியவில்லை.

மூன்றாம் நாள்: பாலமீன்மடு

மாலையில் தம்பியும் நானும் வெளிச்சவீட்டுப் பக்கம் போனோம். 1913இல் கட்டிய வெள்ளைக் கோபுரம் அதே இடத்தில் நிற்கிறது. முகத்துவாரத்துக்கு அக்கரையில் நாவலடி. கச்சான் காற்று பகலெல்லாம் மணலை வாரி அடித்துவிட்டு அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தது.

அம்மா வரவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதில்லை. சின்னம்மா நாவலடியில் இருந்தார். தம்பி அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை. முதல் நாள் இரவு எங்கள் அம்மம்மா வீட்டில் விட்டுப் போயிருந்ததால் தப்பினான். அவன் நாவலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எதுவும் பேசவில்லை.

இந்தக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஹேர்மிஸ் கிடக்கிறது. பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். சிறுவயதில் அது எனக்குப் போர்க்கதை மட்டுமே. கப்பலில் வேலைக்குப் போன பிறகு வேறுவிதமாக நினைக்கிறேன். குண்டு விழுந்த நேரம் அடித்தளத்தில் இருந்தவர்கள் யார்? கொதிகலன் பார்த்தவர், சமைத்தவர், பணிமுடித்துப் படுத்திருந்தவர். என்னைப் போல ஜன்னலில்லாத அறையில் இருந்தவர்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதல் இரவு படுக்கும்போது அவர்களை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். பயம் காரணமல்ல. எங்கள் ஊர்க் கடலில் உறங்குபவர்கள் என்ற உறவு.

இருட்டியதும் தம்பி கேட்டான்: "அண்ணன், கப்பலில் இப்படி இருட்டு இருக்குமா? படங்களில் எல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரிகிறதே."

சரியான கேள்வி. கப்பல் முழுவதும் ஒளி வெள்ளம்தான். ஆனால் அணியத்தில், அதாவது மூக்குப் பகுதியில், திறந்த தளம் இரவில் இருட்டாகவே இருக்கும். கப்பலைச் செலுத்தும் அறை அதற்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது. அங்கே காவல் நிற்பவர்கள் இருளில் கண் பழகித் தூரத்து மீன்பிடிப் படகின் சிறு விளக்கையும் காண வேண்டும்; முன்னால் வெளிச்சம் இருந்தால் கண் கூசிவிடும். அதற்காக அணைத்துவைக்கும் விளக்குகள் எங்களுக்கு வானத்தைத் தருகின்றன. எங்கள் கப்பலில் அந்தத் தளத்தின் ஒரு பகுதி ஊழியருக்கானது. இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து, சீருடையை மாற்றி, அங்கே போய்ப் பத்து நிமிடம் நிற்பேன். காற்றின் ஓசையில் இயந்திரம்கூடக் கேட்காது. பால்வீதி தெரியும். பலர் அந்த நேரம் ஊழியர் மதுச்சாலைக்குப் போவார்கள். அதுவும் களைப்பாற ஒரு வழி, நான் குறை சொல்லவில்லை. எனக்கு இருட்டு வேண்டியிருந்தது.

"கைபேசியைக் கொண்டுபோகாதே. திரை வெளிச்சமும் அவர்கள் கண்ணைக் கெடுக்கும், உன்னுடையதையும் கெடுக்கும்" என்றேன்.

நான்காம் நாள்: மண்டூர்

விடியற்காலையில் கல்முனை பஸ். காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை. வெற்றிலைத் தோட்டங்களுக்கு இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். களுவாஞ்சிகுடியில் இறங்கிக் குருமண்வெளித் துறைக்குப் போனோம். அங்கே வாவியைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். வெளியூர்க்காரரிடம் "பாதை வந்துவிட்டதா?" என்று கேட்டால் விளங்காது, எங்களுக்குத் தெரு கரையோடு முடிவதில்லை, தண்ணீர்மேல் மிதந்து அக்கரைக்கும் போகிறது.

மோட்டார் சைக்கிள்கள், பாடசாலைப் பிள்ளைகள், ஓர் ஆசிரியை, இரண்டு மூட்டை மரக்கறி. எல்லோரும் ஏறியதும் மிதவை நகர்ந்தது. எட்டு மாதமாகத் தண்ணீர்மேல் இருந்தும் நான் பயணியாக இருந்தது இன்றுதான். முதலில் கை சும்மா இருக்கவில்லை; காலடியில் கிடந்த காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தம்பி பார்த்தான். பிறகு கம்பியில் சாய்ந்து நின்றேன். ஒரு நீர்க்காகம் கம்பத்தில் இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அத்தாங்கு வலையோடு ஒருவர் இடுப்பளவு நீரில் நின்றார். எழுவான்கரை பின்னால் போக, படுவான்கரை நெருங்கிவந்தது. சூரியன் எழும் கரை, படும் கரை என்று இரண்டு கரைக்கும் எங்கள் முன்னோர் வைத்த பெயர்கள். ஜன்னலில்லாத அறையில் மாதக்கணக்காகத் தூங்கி எழுந்தவனுக்கு அந்தப் பெயர்கள் தரும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். இங்கே பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். மந்திரம் கிடையாது. சிறுவயதில் பார்த்தபோது அது எனக்கு ஒரு வேடிக்கையான வழக்கமாகவே தோன்றியது. இன்று அந்தக் கட்டிய வாயைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. நாள் முழுதும் "காலை வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், வேறென்ன வேண்டும்" என்று நூறு தடவை சொல்லும் வாய் என்னுடையது. ஒரு சொல்லும் சொல்லாமல் ஒருவர் இவ்வளவு பரிவோடு பணி செய்யலாம் என்பதைக் கண் முன்னால் பார்த்தேன். தட்டு எடுத்தார், வைத்தார், திரும்பினார். ஒவ்வொரு அசைவிலும் கவனம். நானும் அறைகளில் அப்படித்தான் இருக்க விரும்புகிறேன்.

கோயில் வீதி மணலில், மர நிழலில் உட்கார்ந்து தம்பிக்கு இரண்டு விடயங்கள் சொன்னேன்.

ஒன்று, மூன்று மூச்சு. என் 18 அறைகளில் பலவற்றுக்குக் கடல் பார்த்த ஜன்னல் உண்டு. படுக்கை விரித்து, குளியலறை துடைத்து, துவாய்களை அடுக்கிய பிறகு கடைசியாகத் திரைச்சீலையை நேராக்குவேன். அப்போது கடலைப் பார்த்து மூன்று தடவை மூச்சை இழுத்து விடுவேன். மேற்பார்வையாளர் கதவைத் திறந்தாலும் நான் திரைச்சீலைதான் சரிசெய்துகொண்டிருப்பேன்; அது பொய்யும் அல்ல. ஒரு நாளில் இரண்டு சுற்று. எண்ணிப் பார், அது சிறிய சேமிப்பு அல்ல.

இரண்டு, துறைமுகக் காவல் நாள். கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதும் அவசரத்துக்கு உதவ ஊழியரில் ஒரு பகுதியினர் உள்ளேயே இருக்க வேண்டும். முறை வைத்து வரும். உன் முறை வந்தால் எவ்வளவு அழகான ஊராக இருந்தாலும் இறங்க முடியாது. முதலில் அழுகை வரும், எனக்கும் வந்தது. பிறகு ஒரு நாள் கவனித்தேன். பயணிகள் எல்லோரும் இறங்கிய பின் கப்பல் வேறொன்றாகிவிடுகிறது. மின்தூக்கிகள் நிற்கின்றன. இசை இல்லை. ஐ 95இல்கூட நம் காலடி நமக்குக் கேட்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் காவல் நாளை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

தம்பி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "பெரியம்மா என்ன சொல்கிறார்?" என்றான்.

"ஒன்றும் சொல்லவில்லை."

"அதுதான் அண்ணன் எனக்குப் பயம்."

திரும்பும் பாதையில் இருவரும் பேசவில்லை. வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து கிடந்தது.

ஐந்தாம் நாள்

கல்முனையில் தம்பியின் பத்திரங்கள், படிவங்கள், புகைப்படம். வெயில். மத்தியானம் ஒரு கடையில் சோறு.

ஒப்பந்தத்தை வரிவரியாக அவனோடு வாசித்தேன். ஓய்வு பற்றிய பகுதியில் கோடு போட்டுக் கொடுத்தேன். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டுக்கு மேல் துண்டாக்கக்கூடாது. ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். என் முதல் கப்பலில் ஒரு மேலாளர், உழைத்த நேரத்தையும் ஓய்வென்று பதியச் சொன்னார். பயந்து பதிந்தேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். "நடந்ததை நடந்தபடி பதி. அந்த ஆறு மணி நேரத்தை உனக்காக வேறு யாரும் காக்க மாட்டார்கள்" என்றேன்.

ஆறாம் நாள்: சடங்கு

வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் காலம். வருடத்தில் இந்தச் சில நாட்களுக்கே கதவு திறக்கும் கோயில்கள் பல. அதனால் ஊரில் அமைதி தேடி வந்தவனுக்கு அமைதி கிடையாது: ஒலிபெருக்கி, பறை, உடுக்கு, ஐஸ்கிறீம் வண்டியின் மணி, பிள்ளைகளின் கூச்சல். கப்பலின் மேல்தளத்து நீச்சல்குளத்தடி விருந்தும் இவ்வளவு உரக்க இராது.

கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். ஒலிபெருக்கி கட்டிய வேம்புக்கு நேர் கீழே, காலை மடித்து உட்கார்ந்திருந்தார். குளிர்த்திப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் உதடு அதோடு அசைந்தது, கண் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அவர் சேலையைப் பிடித்து இழுத்தும் தெரியவில்லை. நான் கப்பலில் எட்டு மாதம் தேடித் தேடிப் பிடிக்கும் ஒன்றை அம்மா இங்கே, இத்தனை ஓசையின் அடியில், முந்தானையை விரித்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இப்படி உட்கார்கிறார்! நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன்: "நாளை இரவு மாமாவின் தோணியில் பாட்டு மீன் கேட்கப் போகிறோம். தம்பியும் வருகிறான்."

சிறிது தூரம் நடந்த பிறகு, "கடலுக்கா?" என்றார்.

"இல்லை அம்மா, வாவிக்கு. பாலத்தடி."

"வாவி என்றால் வருகிறேன்" என்றார்.

ஏழாம் நாள்: பாலத்தடி

இரவு பத்து மணி. கல்லடிப் பாலத்தின் இரும்பு வளைவுகள் நிலவில் கறுத்துத் தெரிந்தன. 1924இல் திறந்த பழைய பாலம் இது. பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடுவதால், பழையதில் இப்போது மனிதர் நடக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள்.

மாமா தோணியைப் பாலத்துக்குச் சற்று அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். வாவிக்கு அடியில் பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா, சிப்பியா என்று ஊரில் இன்னும் பேசித் தீரவில்லை. மாமா ஊரி என்கிறார், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. 1950களில் அமெரிக்கத் துறவியான லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிவு செய்து இலங்கை வானொலியில் ஒலிபரப்பச் செய்தார். அதற்கும் நூறு வருடம் முன்பே எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த வாவியில் கேட்டு எழுதிவைத்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் ஒலி பெருகியது என்றார். மாமாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் இறக்கி, கைப்பிடி நுனியை என் காதருகே கொண்டுவந்தார்.

"மூச்சை மெதுவாக விடு" என்றார்.

முதலில் என் இரத்தத்தின் ஓட்டம்தான் கேட்டது. பிறகு வாவியின் சலசலப்பு. அதற்கும் அடியில், நரம்பை யாரோ மெல்லத் தொட்டுவிட்டுக் கை எடுத்ததுபோல ஒன்று. நின்றது. மறுபடி வந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து சற்றுத் தாழ்ந்த குரலில் வேறொன்று. கப்பலில் சில இரவுகளில் திரையை மூடிப் படுத்து, சுவரில் காதை ஒட்டவைப்பேன். இயந்திரத்தின் அதிர்வுக்கு அப்பால், தகட்டின் மறுபுறத்தில் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். ஒரு சாண் தூரத்தில் கடல். அப்போதெல்லாம் எனக்கு நினைவு வந்தது இந்தத் துடுப்புத்தான். இரண்டையும் நான் இதுவரை யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. இன்று அம்மாவிடம் சொன்னேன்.

அவர் துடுப்பை வாங்கினார். தலையைச் சாய்த்து, கைப்பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டார். தோணி மெல்லத் திரும்பியது. பாலத்தில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். மாமா கையமர்த்துவதுபோல அந்தப் பக்கம் பார்த்தார். நெடுநேரம்.

"நீ படுக்கும் இடத்தில் இப்படித்தான் கேட்குமா?" என்று கேட்டார்.

"பாட்டு இருக்காது அம்மா. ஆனால் இப்படித்தான். அடியிலிருந்து வரும்."

"பயமாக இருக்காதா?"

"முதல் ஒரு மாதம் இருந்தது."

அம்மா மறுபடி காதை வைத்தார். இம்முறை கண்ணை மூடிக்கொண்டார், நேற்று வேம்படியில் இருந்ததைப் போல. தம்பி தோணியின் கடைசியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஈரம் சொட்டும் துடுப்பை இரண்டு கையாலும் தூக்கி, அவன் பக்கம் நீட்டினார்.

"இந்தா மகன், நீயும் கேட்டுப் பழகு" என்றார்.